தேயிலைத் தொழிற்சாலையின் நெடுந்தண்டும் அதன் பேரிங்குகளும்

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மின்மோட்டார் வருவதற்கு முன், பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில், கொழுந்தை உருட்டும் ரோலர்களும் சல்லடைகளும், கூரையை ஒட்டிக் கட்டடத்தின் நீளவாக்கில் சுழன்ற ஓர் உருக்குத் தண்டிலிருந்து பட்டைகள் வழியே விசை பெற்றன. அத்தண்டைச் சுழலவிட்டபடியே தாங்கி நிற்கும் உறுப்பே பேரிங் எனப்படும் தாங்கி.

பழைய தாங்கி இரு பாதிகளாகப் பிளந்த வார்ப்பிரும்புப் பெட்டி. அதன் உட்புறத்தில் ஐசக் பாபிட் 1839இல் உருவாக்கிய வெள்ளை உலோகம், அதாவது வெள்ளீயத்துடன் அந்திமனியும் செம்பும் சேர்ந்த கலவை, உருக்கி வார்க்கப்பட்டிருக்கும். அது தண்டைவிட மென்மையானதாதலால், தேய்மானம் விலைமிக்க தண்டுக்கு நேராமல் எளிதில் மீண்டும் வார்க்கத்தக்க தாங்கிக்கே நேர்கிறது. பொருத்துபவர் தண்டின்மேல் நீலப் பசையை மெல்லப் பூசிச் சுழற்றி, தாங்கியில் நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டியெடுப்பார். எண்ணெய்ப் படலம் நிற்பதற்காக விடப்படும் இடைவெளி தண்டின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. 75 மில்லிமீற்றர் தண்டுக்கு அது 0.075 மில்லிமீற்றரே.

இத்தனை நுட்பமாகச் சுரண்டினாலும், தாங்கிகள் அனைத்தும் ஒரே நேர்கோட்டில் அமையாவிடில் உழைப்பு வீணே. இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பியை அளவாகக் கொண்டு அவற்றை வரிசைப்படுத்துவது வழக்கம். கப்பலின் உந்துவிசிறித் தண்டுக்கும் இதே முறை கையாளப்பட்டது. ஆனால் கப்பலின் கடைசித் தாங்கி நீருக்குள் இருப்பதால், 1854இல் ஜோன் பென் காப்புரிமை பெற்ற முறைப்படி அதில் லிக்னம் விற்றே என்னும் கடினமரக் கீற்றுகள் பதிக்கப்பட்டன. அங்கே கடல்நீரே எண்ணெயின் வேலையைச் செய்தது. தொழிற்சாலைத் தாங்கிக்கோ எண்ணெயே வேண்டும்; ஆனால் தேயிலை அயல்வாசனையை விரைவில் ஈர்த்துக்கொள்ளும் பொருள். கொழுந்தின்மேல் ஒரு துளி எண்ணெயும் சிந்தலாகாது என்பதால், தாங்கியின் கீழ் எண்ணெய்த் தட்டு இன்றியமையாதது.

வெப்பத்தால் 20 மீற்றர் உருக்குத் தண்டு, 15 பாகை சூடேறினால், ஏறக்குறைய 3.6 மில்லிமீற்றர் நீளும். ஆகவே ஒரு தாங்கியில் மட்டும் தண்டு நகராதவாறு கட்டப்பட்டு, ஏனையவற்றில் நீளவாக்கில் நகர இடம் விடப்படுகிறது.

பொருத்தி முடிந்ததும் தண்டைப் பாரமின்றிச் சிறிது நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். தாங்கியின் பெட்டி கை வைக்க இயலாதபடி சுட்டால், எண்ணெயைக் கூட்டி ஊற்றிச் சமாளிக்காமல், தண்டை நிறுத்தி நேர்கோட்டையும் இடைவெளியையும் மறுபடி அளப்பதே முறை.