வில்லில் 'ஆரோ ரெஸ்ட்': எதை வாங்கணும், எப்படி கழறாம பொருத்தணும்?

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் வில்லுக்கும் முதல்முறையா இடம் கிடைச்சிருக்கு, கலப்பு அணிப் போட்டியாக. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஜோதி சுரேகா வென்னம் 3 தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். வில் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பலரும் கவனிக்கத் தவறும் சின்ன பாகம், ஆரோ ரெஸ்ட்.

ஆரோ ரெஸ்ட் என்றால் என்ன?

நாணை இழுக்கும்போது அம்பைத் தாங்கும் பாகம் இது. நெம்மேலியிலிருந்து ஈசிஆரில் தெற்கே போனால் மாமல்லபுரம். அங்குள்ள குகைச் சிற்பத்தில் மகிஷாசுரமர்த்தினி வில்லேந்தி சிங்கத்தின் மேல் அமர்ந்திருக்கிறாள். அந்தக் கால வில்களில் ரெஸ்ட் கிடையாது. பிடித்த கைமேலேயே அம்பு கிடக்கும். இன்றைய வில்லில் அம்பு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார இந்தப் பாகம் தேவை.

எந்த வில்லுக்கு எது?

* ரீகர்வ், புதுசா கத்துக்கிறவங்க: ஒட்டும் பிளாஸ்டிக் ரெஸ்ட் போதும். விலை குறைவு.
* ரீகர்வ், போட்டிக்குப் போறவங்க: மடங்கும் கம்பி வைத்த காந்த ரெஸ்ட். கூடவே அம்பின் பக்கவாட்டு அழுத்தத்தைச் சரிசெய்யும் பிளஞ்சர் பட்டன்.
* காம்பவுண்ட்: பிளேடு ரெஸ்ட், அல்லது அம்பு கிளம்பியதும் கீழே விழும் டிராப்-அவே ரெஸ்ட்.

வலக்கை, இடக்கைக்குத் தனித்தனி ரெஸ்ட் உண்டு. கேட்டு வாங்குங்க.

பொருத்துவது எப்படி?

1. ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்க. பழைய பசை துளியும் இருக்கக் கூடாது.
2. ரீகர்வில் அம்பின் நடுப்பகுதி பிளஞ்சரின் நடுவில் படணும். மேலிருந்து பார்த்தால் கம்பியின் நுனி அம்பைத் தாண்டித் தெரியக் கூடாது.
3. பின்னாலிருந்து பாருங்க. காம்பவுண்டில் அம்பு நாணுக்கு நேர்கோட்டில் இருக்கணும். வலக்கை ரீகர்வில் அம்பு நுனி நாணுக்குக் கொஞ்சம் இடதுபுறம் தெரியணும்.
4. திருகு ரெஸ்ட் என்றால் ஆலன் கீயால் அளவாக இறுக்குங்க. ரொம்ப முறுக்கினால் ரைசரின் மரை போய்விடும். இறுக்கியதும் திருகின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்க. கோடு நகர்ந்தால் திருகு கழறுதுன்னு அர்த்தம்.

கடற்கரையில் கூடுதல் கவனம்

நெம்மேலி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் ரெஸ்டின் கம்பியும் திருகும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பயிற்சி முடிந்ததும் காய்ந்த துணியால் துடைக்கணும். வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை வைத்தால் பசை இளகிவிடும்.

சரியா இருக்கான்னு எப்படி தெரியும்?

அம்பின் இறகில் டால்கம் பவுடர் தூவி, பக்கத்து இலக்கில் எய்து பாருங்க. பவுடர் உரசிய தடம் இருந்தால் இறகு ரெஸ்டில் இடிக்குது. இறகை லேசாகத் திருப்புங்க, அல்லது ரெஸ்டை நகர்த்துங்க.

ஆபத்து எங்கே?

ரெஸ்ட் கழன்றால், நாண் இழுத்த நிலையில் அம்பு கைமேல் விழலாம். ரைசரில் மோதிய கார்பன் அம்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வரலாம்; அடுத்த முறை எய்யும்போது அது உடைந்து கையைக் கிழிக்கும். மோதிய அம்பைக் காதருகே லேசாக வளைத்துப் பாருங்க. சத்தம் கேட்டால் தூக்கிப் போடுங்க. ரெஸ்ட்டைச் சோதிக்க அம்பு இல்லாமல் நாணை விடவே கூடாது, வில்லே உடையலாம்.