உறக்கம் வராத இரவு

உறக்கம் வராதவர் பாயிலேயே புரண்டு கிடத்தல் தீங்கையே விளைவிக்கும். படுக்கையும் விழிப்பும் மனத்தில் பிணைந்துவிடுகின்றன. பிறகு பாயைக் கண்டதுமே கவலை விழித்துக்கொள்கிறது. இப்பிணைப்பை அறுக்கும் முறையை 1972-இல் அமெரிக்க உளநூலறிஞர் ரிச்சர்ட் பூட்சின் எடுத்துரைத்தார். கண் சொக்கும்போது மட்டுமே படுக்க வேண்டும். ஏறத்தாழ 20 நிமிடங்கள் சென்றும் உறக்கம் வராவிடின், எழுந்து வேறிடத்தில் அமர்ந்து, மீண்டும் கண் சொக்கியபின் திரும்புதல் வேண்டும். (கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது, நிமிடங்கள் உத்தேசமே.) இரவு எவ்வாறு கழியினும் காலையில் குறித்த வேளைக்கு எழுதல் இன்றியமையாதது. பகலுறக்கம் கூடாது. முதற் சில நாட்கள் கடினமே. வகுப்பறையில் கொட்டாவி வரும். களப்பணியாளர் அந்நாட்களில் வண்டியோட்டாதிருத்தல் நலம். மாலைக் காப்பியையும் விடுக: காஃபீனில் பாதி உடலில் கழியவே சுமார் 5 மணி நேரமாகும். வாரத்தில் 3 இரவுகளாக 3 மாதம் இந்நிலை நீடிப்பின் மருத்துவரை அணுகுக. குறட்டையோடு மூச்சுத்தடையும் இருப்பின் அத்தனை நாள் காத்திருத்தல் வேண்டா.