மெயின் லைன் நேராக இருக்கட்டும்

சென்ற வருடம் காலமான என் பழைய சகா ஒருவரின் மனைவி, குடும்ப ஓய்வூதியத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை நடையாய் நடந்தார். நான்காம் தடவை, "அண்ணா, நீங்களும் கூட வாங்களேன். அவங்க ஹிந்தியும் புரியலே, சுவத்துல இருக்கிற படமும் புரியலே" என்றார். போனேன்.

சுவரில் பெரிய படம். விண்ணப்பம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகவேண்டும் என்பதைக் கட்டங்களும் அம்புக்குறிகளுமாகக் கம்ப்யூட்டரில் வரைந்து, பல வண்ணங்களில் அச்சிட்டிருந்தார்கள். 35 வருடம் சிக்னல் பிளான் பார்த்த எனக்கே அதில் வழி கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

சிக்கல் இதுதான். ஓய்வூதிய ஆணையில் அந்த அம்மாளின் பெயர் இனிஷியலோடு இருந்தது. ஆதாரிலோ கணவர் பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. வடக்கே வாழும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. படத்தில் 'பெயர் சரிபார்ப்பு' என்று ஒரு சாய்சதுரம். அதிலிருந்து இரண்டு அம்புகள். எது 'ஒத்துப்போனால்', எது 'ஒத்துப்போகாவிட்டால்' என்று எழுதவில்லை. ஒன்று நேரே வங்கிக்குப் போயிற்று. பெயர் திருத்தும் பிரிவுக்குப் போகவேண்டிய மற்றொன்று, வேறு இரண்டு கோடுகளுக்கு அடியில் புகுந்து மறைந்துவிட்டது. குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரிந்த அம்பின்படி வங்கிக்கு அனுப்பினார். வங்கி திருப்பி அனுப்பியது. குமாஸ்தா மீது குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

படத்தை மொபைலில் பிடித்து வந்து மருமகளிடம் காட்டினேன். நொய்டாவில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இத்தகைய படங்களை வரைவதே அவள் வேலை. "மாமா, இதுக்கு உலகம் பூரா ஒரே குறியீட்டு முறை இருக்கு" என்று விளக்கினாள். பி.பி.எம்.என். என்று பெயர். 2004-இல் முதல் பதிப்பு வந்தது, 2011-இல் 2.0 பதிப்பு, 2013-இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவே ஏற்கப்பட்டது. மெல்லிய வட்டம் தொடக்கம், தடித்த வட்டம் முடிவு. மூலை மழுங்கிய செவ்வகம் ஒரு வேலை. சாய்சதுரம் வழி பிரியும் இடம்: உள்ளே பெருக்கல் குறி இருந்தால் ஏதேனும் ஒரு வழி, கூட்டல் குறி இருந்தால் எல்லா வழிகளும் ஒரே சமயத்தில்.

குறி தவறினால் மென்பொருள் பிழை காட்டும். ஆனால் பிழையில்லாத படம் புரியும் படமாக இருக்கவேண்டும் என்பதில்லை. சுவரில் பார்த்த படத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்றாள். இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் விளங்காத கடிதம் போல.

அன்றிரவு இருவரும் உட்கார்ந்து அதைத் திருத்தி வரைந்தோம். செய்தவை இவைதாம்.

முதலாவது, மெயின் லைன். ஸ்டேஷனில் நிற்காமல் போகும் வண்டிக்கு நேர்பாதை. ஒதுங்கவேண்டிய வண்டிக்கு லூப் லைன். அதுபோலவே வழக்கமாக நடப்பதை இடமிருந்து வலமாக ஒரே நேர்கோட்டில் வைத்தோம். விதிவிலக்குகளைக் கீழே இறக்கினோம்.

இரண்டாவது, கோடுகள். 1933-இல் வெளிவந்த லண்டன் பாதாள ரயில் வரைபடத்தை அன்பர்கள் பார்த்திருக்கலாம். அதை வரைந்த ஹாரி பெக், அந்த ரயில்வேயின் சிக்னல் அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவர். கிடை, செங்குத்து, 45 பாகைச் சாய்வு என்ற மூன்றே வகைக் கோடுகளில் ஊர் முழுவதையும் அடக்கினார். உண்மையான தூரத்தை விட்டுக்கொடுத்து, எங்கே மாறி ஏறுவது என்பதைத் தெளிவாக்கினார். நாங்கள் கிடையும் செங்குத்தும் மட்டும் வைத்துக்கொண்டோம். கட்டங்களைச் சற்று நகர்த்தியதும் ஒன்றையொன்று வெட்டிய கோடுகள் பெரும்பாலும் விலகிக்கொண்டன. மென்பொருளில் கட்டங்களை வரிசையாக நிறுத்த வசதி உண்டு, பயன்படுத்துவோர்தான் குறைவாம்.

மூன்றாவது, எழுத்து. 'ஆவணச் செயல்பாடு' என்றால் யார் என்ன செய்வது? 'இறப்புச் சான்றிதழை வாங்கு', 'பெயரை ஒப்பிட்டுப் பார்' என்று வினையோடு எழுதினோம். சாய்சதுரத்தின் மேல் ஒரு கேள்வி: 'பெயர் ஒத்துப்போகிறதா?' வெளியே போகும் ஒவ்வொரு அம்பின் மேலும் அதற்குரிய விடை.

நான்காவது, அளவு. மெண்ட்லிங், ரெய்ஜர்ஸ், வான் டெர் ஆல்ஸ்ட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2010-இல் இத்தகைய படங்களுக்கு ஏழு நெறிகளை வெளியிட்டார்கள். 50 உறுப்புகளுக்கு மேல் போனால் படத்தைப் பிரிக்கவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் போதும் என்பது மற்றொன்று. பெயர் திருத்தத்தின் உள்விவரங்களை, கூட்டல் குறியிட்ட ஒரே பெட்டிக்குள் அடக்கி, தனித்தாளில் விரித்தோம்.

ஐந்தாவது, யார் செய்வது என்பது. அலுவலகத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் நீச்சல் குளத்துத் தடம் போல ஒரு பட்டை. விண்ணப்பதாரருக்கு மேலே தனிப் பட்டை. தான் எத்தனை தடவை வரவேண்டும் என்பதை அந்த அம்மாளே எண்ணிக்கொள்ளலாம்.

வண்ணத்தை மட்டும் நம்பவில்லை. ஜெராக்ஸ் எடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒன்றுதானே!

கடைசியாக ஒரு சோதனை. என் மனைவியிடம் தாளைக் கொடுத்து, "பேரு சரியில்லேன்னா எங்கே போகணும்?" என்று கேட்டேன். விரலை வைத்து ஒரு முறை ஓட்டினாள். திருத்தும் பிரிவில் போய் நின்றது. மென்பொருள் செய்யமுடியாத சோதனை இது.

மறுநாள் அந்த ஒற்றைத் தாளைக் குமாஸ்தாவிடம் கொடுத்தேன். பென்சிலால் ஒரு முறை தொடர்ந்து பார்த்தார். எழுந்து தாமே எங்களைத் திருத்தும் பிரிவுக்கு அழைத்துப் போனார். சுவரில் பழைய படமே தொங்குகிறது. எங்கள் தாள் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் அந்த அம்மாளுக்கு ஓய்வூதியமும் வந்துவிட்டது.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் நொய்டாவிலும் குருகிராமிலும் இந்த வேலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தை மேலதிகாரியிடம் காட்டுமுன் வீட்டில் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு தடவை காட்டுங்கள். விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ, அங்கேதான் நாளை யாரோ ஒருவர் வரிசையில் வீணாக நிற்கப்போகிறார்.