அனுமதிக் கடிதமும் கடன் சுமையும்

சர்வதேச உறவுகள் துறையில் முதுமாணிப் படிப்புக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்த எமது மாணவர்கள் பலருக்கு, வருடந்தோறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அனுமதிக் கடிதங்கள் வந்து சேர்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் கிடைப்பது பாக்கியமே. ஆயினும், எதனை ஏற்பது என்ற கேள்விக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரே விடையாகிவிடுவதை நாம் கவலையுடன் அவதானித்து வருகின்றோம்.

ஒரே பெயரைத் தாங்கியிருப்பினும் இப்பட்டங்கள் யாவும் ஒரே தன்மையானவை அல்ல. முதலாம் உலகப் போர் முடிந்த மறுவருடம், 1919 இல், வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் சர்வதேச அரசியலுக்கெனப் பேராசிரியர் பதவியொன்று ஏற்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் வாஷிங்டனிலுள்ள ஜோர்ஜ்டவுண் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுச் சேவைக் கல்லூரி ஆரம்பமானது. முன்னையது ஆய்வு மரபுக்கும் பின்னையது தொழில்சார் மரபுக்கும் அடையாளம் எனலாம். விரிவுரையாளராக வர விரும்புபவருக்கு ஆய்வு முறையியலும் வழிகாட்டும் பேராசிரியருமே முக்கியம். சர்வதேச நிறுவனங்களில் பணியாற்ற விழைபவருக்குப் பொருளியல், மொழிப் பயிற்சி, உள்ளகப் பயிற்சி என்பன முக்கியம். தமது நோக்கம் எதுவெனத் தெளியாத மாணவர் எந்தக் கடிதத்தையும் எடைபோட முடியாது.

அடுத்தது செலவு. பிரித்தானியாவில் இப்படிப்பு பெரும்பாலும் ஒரு வருடம். அமெரிக்காவின் தொழில்சார் கல்லூரிகளில் இரு வருடங்கள். இரு வருடப் படிப்பின் இடையே வரும் கோடை விடுமுறை தொழில் அனுபவம் பெற உதவும் என்பது உண்மையே. ஆனால் இரண்டாம் வருடக் கட்டணத்தை எந்த நாணயமாற்று வீதத்தில் செலுத்த நேரும் என்பதை எவரும் அறியார். 2022 மார்ச் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. 20,000 டொலர் கட்டணம் 40 இலட்சத்திலிருந்து 72 இலட்சம் ரூபாவாக உயர இரண்டு மாதங்களே போதுமானதாயிருந்தன. காணியை ஈடுவைத்தும் நகைகளை அடைவு வைத்தும் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கும், வட்டிக் கடனை மார்க்கம் தடுப்பதால் சேமிப்பை மட்டுமே நம்பியிருக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது வெறும் கணக்கன்று.

படித்து முடித்து அங்கேயே உழைத்துக் கடனைத் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையும் முன்னர் போல் உறுதியானதல்ல. அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் 2025 இல் மூடப்பட்டது. பிரித்தானியாவில் பட்டம் பெற்ற பின் தங்கியிருந்து தொழில் புரிவதற்கான இரு வருட விசா, 2027 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் விண்ணப்பிப்போரில் முதுமாணிப் பட்டதாரிகளுக்குப் பதினெட்டு மாதங்களாகின்றது. நாடு திரும்பி இலங்கை வெளிநாட்டுச் சேவையில் இணைய விரும்புவோருக்கோ திறந்த போட்டிப் பரீட்சையே வாசல். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயர் அங்கு சலுகை எதனையும் பெற்றுத்தராது.

எனவே முழுப் புலமைப்பரிசிலுடன் வரும் அனுமதியை, பெயர் சற்றுக் குறைவு என்பதற்காக உதறிவிடலாகாது. செவனிங், புல்பிரைட் புலமைப்பரிசில்கள் படிப்பின் பின் இரு வருடங்கள் தாய்நாட்டில் இருக்க வேண்டுமென விதிப்பதும் தண்டனையல்ல. சார்க் நாடுகள் புதுடில்லியில் நிறுவி, 2010 முதல் இயங்கும் தெற்காசியப் பல்கலைக்கழகத்தையும் எமது மாணவர்கள் கவனத்திற் கொள்ளலாம்.

அவசரமும் வேண்டியதில்லை. அமெரிக்கப் பட்டப்பின்படிப்புக் கல்லூரிகள் பேரவையின் தீர்மானத்தை ஏற்ற பல்கலைக்கழகங்கள், நிதியுதவியுடன் கூடிய அனுமதிக்கு ஏப்ரல் 15 ஆம் திகதிக்கு முன்னர் பதிலளிக்குமாறு வற்புறுத்துவதில்லை. நிதியுதவியற்ற அனுமதிக்கு இப்பாதுகாப்பு இல்லையாதலால், அதற்கான முற்பணத் திகதியை மாணவரே கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் கிடைத்த உதவியைக் குறிப்பிட்டு மற்றையதிடம் மேலதிக உதவியைப் பணிவுடன் கோருவதிலும் தவறில்லை.

நாடுகளின் நலன்களையும் வலுவையும் நிதானமாக எடைபோடக் கற்பிக்கும் துறை இது. அந்த நிதானத்தை மாணவர்கள் தமது முதல் தெரிவிலேயே, தமது குடும்பத்தின் நிலையை முன்வைத்துக் கைக்கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.