இரணைமடு நீரும் வன்னிக் கமக்காரர் வாழ்வும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் நெற்செய்கை குளத்தை நம்பிய தொழிலாகும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள வடகீழ்ப் பருவமழை, ஆண்டு மழையின் பெரும்பகுதியைச் சில வாரங்களிலேயே கொட்டி விட்டுச் செல்கின்றது. அந்நீரைத் தேக்கி வைத்தாலன்றிச் சிறுபோகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஊர்ப்பெயர்கள் பல குளம் என்றோ மடு என்றோ முடிவதன் காரணமும் இதுவே. இக்குளங்கள் யாவற்றினும் பெரியது இரணைமடு.

வவுனியா மாவட்டத்துச் சேமமடுப் பக்கத்திலே தோன்றி வடக்கு நோக்கி ஓடிச் சுண்டிக்குளம் கடனீரேரியிற் கலக்கும் கனகராயன் ஆற்றை மறித்து இக்குளம் கட்டப்பட்டது. வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கிற்று. முதலில் அமைந்த கட்டு பிற்காலத்திற் பலமுறை உயர்த்தப்பட்டது. இன்று இடதுகரை, வலதுகரை என்னும் இரு பெருவாய்க்கால்களின் வழியே ஏறக்குறைய 21,000 ஏக்கர் வயலுக்கு இக்குளம் நீரூட்டுகின்றது. உருத்திரபுரமும் பரந்தன் பக்கத்து வயல்களும் இடதுகரையைச் சார்ந்தவை. வட்டக்கச்சி, முரசுமோட்டை, கண்டாவளை, ஊரியான் முதலிய இடங்கள் வலதுகரையைச் சார்ந்தவை.

குளம் இருந்தும் நெடுங்காலம் குடிகள் இல்லை. 1895ஆம் ஆண்டில் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் எழுதிய கைந்நூல், காய்ச்சலாலும் பசியாலும் ஊர்கள் அழிந்து காடாகிய வரலாற்றை விரிவாகக் கூறுகின்றது. யாழ்ப்பாணத்து நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு 1936ஆம் ஆண்டில் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கியபோதும் மலேரியாவே முதற் பகைவனாக நின்றது. 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளிக்கும் இயக்கம் பரவிய பின்னரே குடியேறியோர் நிலைத்துத் தங்கினர். வறுமை ஒழிப்பைப் பற்றிப் பேசுவோர் மண்வெட்டியையும் விதைநெல்லையுமே நினைப்பர். வன்னியைப் பொறுத்தவரை நுளம்பை ஒழித்ததே முதல் விவசாய அபிவிருத்தி எனலாம். இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார தாபனம் 2016ஆம் ஆண்டில் அறிவித்தது.

பசியை ஒரு நாட்டின் தனித் துன்பமாகக் கருதாது, உலகின் பொதுக் கடமையாகக் கருதும் எண்ணமும் ஏறத்தாழ அதே காலத்தில் உருவாயிற்று. 1945 ஒக்ரோபர் 16ஆந் திகதி கனடாவின் கியூபெக் நகரில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய தாபனம் தோற்றுவிக்கப்பட்டது. வங்காளப் பஞ்சக் காலத்தில் இந்திய அரசின் உணவு நிர்வாகத்திற் பணிபுரிந்த பி. ஆர். சென் அதன் தலைமை இயக்குநராக இருந்தபோது, 1960ஆம் ஆண்டிற் பசி ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் பிலிப்பைன்சு நாட்டில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. இலங்கையோ அதற்காகக் காத்திருக்கவில்லை. எச்-4 என்னும் கலப்பின நெல்லை இந்நாட்டு ஆராய்ச்சியாளரே உருவாக்கி 1950களின் இறுதியிற் கமக்காரர் கையில் கொடுத்தனர் என்பது பெருமையோடு குறிக்கத்தக்கது.

1974ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் றோமாபுரியில் உலக உணவு மாநாடு கூடிற்று. பத்து ஆண்டுகளுக்குள் எந்தக் குழந்தையும் பசியோடு உறங்கச் செல்லாத நிலையை உண்டாக்குவதென அங்கே உறுதி கூறப்பட்டது. அவ்வுறுதி நிறைவேறவில்லை. ஆயினும் மாநாட்டின் பயனாக 1977ஆம் ஆண்டில் விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியம் நிறுவப்பட்டது. சிறு கமக்காரருக்கும் நிலமற்ற கிராமத்தவருக்கும் பயன்படும் வேலைகளுக்கே பணம் கொடுப்பது அதன் தனி நோக்கம். 1978ஆம் ஆண்டில் அது வழங்கிய முதற் கடன்களுள் ஒன்று இலங்கைக்கே கிடைத்தது. தெற்கே கிரிந்தி ஓயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் அதனால் உதவி பெற்றது. அந்நிதியத்தின் பணம் இரணைமடுவை வந்தடைவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

அந்த இடைக்காலத்திலே வன்னி கண்டது ஏற்றமும் இறக்கமும் ஆகும். 1970 தொடக்கம் 1977 வரை வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் இந்நாட்டிற்குள் தாராளமாக வரவில்லை. அக்காலத்தில் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர் திட்டங்களிற் காணி பெற்ற இளைஞர் மேட்டுநிலத்தில் மிளகாய் பயிரிட்டு, அரச உத்தியோகத்தரும் வியக்கும் வருவாய் பெற்றனர். 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது, விலை சரிந்தது. மண்ணும் நீரும் உழைப்பும் முன்போலவே இருந்தன, சந்தை மட்டும் மாறிவிட்டது. நீர்ப்பாசனத் திட்டம் எழுதுவோர் இவ்விரு ஊர்களின் கதையைப் போதிய அளவு கருத்திற் கொள்வதில்லை.

பின்னர் வந்தது போர். அதன் இறுதி மாதங்களிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட மக்கள் ஏறக்குறைய அனைவரும் ஊர்விட்டு அகன்றனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது மூன்று இலட்சத்துக்கு அண்மித்த மக்கள் முகாம்களில் இருந்தனர். அவற்றுள் மிகப் பெரியதான வவுனியா மெனிக்பாம் 2012 செப்டெம்பரிலேயே முற்றாக மூடப்பட்டது. திரும்பி வந்தோருக்கு வயல் இருந்தது; வரம்பு இல்லை. மாடு இல்லை, உழவு இயந்திரம் இல்லை, விதைநெல் இல்லை. கண்ணிவெடி அகற்றப்பட்டதெனச் சான்று கிடைக்கும் வரையிற் பல வயல்களிற் கால் வைக்கவும் இயலவில்லை.

அவ்வேளையில் வந்த உதவி பலவகைப்பட்டது. உலக உணவுத் திட்டம் உலருணவு கொடுத்தது. உணவு விவசாய தாபனம் விதைநெல்லையும் கருவிகளையும் வழங்கிற்று. இந்திய அரசு வடக்கின் கமக்கார அமைப்புகளுக்கென 500 உழவு இயந்திரங்களைக் கொடுத்தது. உலக வங்கியின் வடக்கு அவசர மீட்புத் திட்டம், குளங்களையும் வாய்க்கால்களையும் திருத்தும் வேலையைத் திரும்பி வந்த மக்களுக்கே கொடுத்து நாட்கூலி வழங்கிற்று. முதற் காலபோகம் வெட்டும் வரை அடுப்பு எரிவதற்கு அக்கூலி உதவியது. இவை யாவும் உயிர் காக்கும் உதவிகள். இரணைமடுவுக்கு வந்ததோ வேறுவகையானது. அது தானமன்று, அரசு திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்.

2012ஆம் ஆண்டில் தொடங்கிய இரணைமடு நீர்ப்பாசன அபிவிருத்தித் திட்டத்துக்கு மேற்கூறிய சர்வதேச நிதியம் ஏறத்தாழ 22 மில்லியன் அமெரிக்க டொலர் கடன் கொடுத்தது. கட்டைப் பலப்படுத்தல், நீர்மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தல், பெருவாய்க்கால்களையும் கிளைவாய்க்கால்களையும் திருத்தல் ஆகியன முக்கிய வேலைகள். கொள்ளளவு 106,500 ஏக்கர் அடியிலிருந்து 119,500 ஏக்கர் அடியாகப் பெருகிற்று. ஓர் ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீராகும். ஆகவே இரண்டடி உயர்வினாற் கிடைத்த மேலதிக நீர் 13,000 ஏக்கர் அடி.

இந்த 13,000 ஏக்கர் அடி யாருக்கு உரியது என்பதே பெரும் பிணக்காயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீர்த் தேவைக்கு இரணைமடுவிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டு செல்வது, ஆசிய அபிவிருத்தி வங்கி உதவிய யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டத்தின் முதல் ஏற்பாடாக இருந்தது. குடாநாட்டுக் கிணறுகள் பல உவராலும் நைத்திரேற்றாலும் கெட்டிருப்பது உண்மை. அங்குள்ள குழந்தைக்கும் நல்ல நீர் வேண்டும். ஆனால் கிளிநொச்சிக் கமக்காரர் எழுப்பிய வினாவும் தள்ளத்தக்கதன்று. மாரி பொய்த்துக் குளம் நிரம்பாத ஆண்டிற் சிறுபோகப் பரப்பு பாதியாகவோ அதற்குங் குறைவாகவோ சுருங்குகின்றது. அத்தகைய ஆண்டில் முதலில் மூடப்படுவது வயலின் துருசா, குழாயின் அடைப்பா? இதற்குத் தெளிவான விடை கிடையாமையாற் கமக்கார அமைப்புகள் எதிர்த்து நின்றன. 2013ஆம் ஆண்டில் அமைந்த வட மாகாண சபையும் இதனை ஆராய்ந்தது. ஈற்றிலே குடாநாட்டுக்குக் கடல்நீரை நன்னீராக்கும் வழி தேர்ந்து கொள்ளப்பட்டு, தாளையடியில் நிறுவிய நிலையம் 2024ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. செலவு மிகுந்த வழிதான். ஆயினும் இரு பகுதி மக்களைப் பகைவராக்காத வழி.

கமக்காரரின் அச்சத்தை உணர விரும்புவோர் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குச் சென்று பார்த்தல் வேண்டும். மாவட்டச் செயலாளர் தலைமையில், நீர்ப்பாசனத் திணைக்கள உத்தியோகத்தரும் கமக்கார அமைப்புப் பிரதிநிதிகளும் கூடி, குளத்தில் நிற்கும் நீரை அளந்து, அவ்வாண்டு விதைக்கக்கூடிய ஏக்கரைத் தீர்மானிப்பர். பின்பு அவ்வேக்கர் வாய்க்கால் வாய்க்காலாகப் பங்கிடப்படும். நாலு ஏக்கர் உடையவருக்கு இரண்டு ஏக்கர் கிடைக்கலாம், ஒன்றே கிடைக்கவுங்கூடும். அந்த ஒன்றிற்கும் நீர் முடியும் நாள் குறிக்கப்பட்டிருப்பதால், மூன்று அல்லது மூன்றரை மாத நெல்லையே விதைத்தல் வேண்டும். பங்குக்கு மேல் விதைப்பவர் தம் பயிரை மட்டுமன்று, கடைவாய்க்காற் பயிரையுங் கெடுக்கின்றார். தலைவாய்க்காலில் உள்ளவருக்கு அது தெரியாததன்று.

புனரமைக்கப்பட்ட குளம் 2018 டிசெம்பர் மாதத் தொடக்கத்தில் திறந்து வைக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள் பெருமழை. மாதத்தின் பிற்பகுதியிற் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஏற்பட்ட வெள்ளத்தில் வீடுகளும் வயல்களும் மூழ்கின. வான்கதவுகளைத் திறந்த நேரம் குறித்து வினாக்கள் எழுந்து விசாரணையும் நடைபெற்றது. நீரைத் தேக்கும் ஆற்றல் பெருகும்போது நீரை விடும் நேரத்தை அறியும் பொறுப்பும் பெருகுகின்றது. மேற்பகுதி மழைமானிகளும் கீழ்ப்பகுதி எச்சரிக்கை ஒழுங்கும் கட்டைப் போன்றே திட்டத்தின் உறுப்புகளாம்.

நீர் கிடைத்தபின்னும் பசளை கிடையாத காலம் ஒன்று வந்தது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது; ஆயினும் அந்தக் காலபோகம் தவறிவிட்டது. அடுத்து வந்தது நாட்டின் பொருளாதார நெருக்கடி. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உணவு விவசாய தாபனமும் உலக உணவுத் திட்டமும் நடத்திய கூட்டு மதிப்பீடு, நாட்டில் 63 இலட்சம் மக்கள் போதிய உணவின்றி உள்ளனர் எனக் கண்டது. ஏறத்தாழப் பத்துப் பேரில் மூவர். மறு ஆண்டில் அமெரிக்க அரசின் உதவியோடு உணவு விவசாய தாபனம் 36,000 தொன் முச்சுப்பர் பொசுபேற்றைக் கொண்டுவந்து நாடெங்கும் நெற்செய்கையாளருக்குக் கமநல சேவை நிலையங்களின் மூலம் பகிர்ந்தது.

இரணைமடுவின் கீழ் வயல் உடையோர் வன்னியில் ஒரு பகுதியினரே. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் நூற்றுக்கணக்கான சிறுகுளங்களின் கீழும் மானாவாரியாகவும் ஒரே போகம் செய்வோர் பலர். அவர்களுக்குப் பெருந்திட்டத்தின் டொலர் எட்டுவதில்லை; தூர்ந்த குளத்தின் மண்ணை அகற்றி, துருசுக்குப் புதுப் பலகை போட்டாலே பயன் கிடைக்கும். போரிற் கணவனை இழந்து குடும்பப் பாரம் சுமக்கும் பெண்களின் நிலை இன்னும் கடினம். அவர்களுட் பலர் வாழ்வாதாரத்துக்கென நுண்கடன் பெற்று, மழை பொய்த்தபோது வட்டியில் ஆழ்ந்தனர். 2018ஆம் ஆண்டில் வரட்சியுற்ற 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை நீக்க அரசு முன்வர நேர்ந்தது. வாராவாரம் தவணை கேட்கும் கடன், நாலு மாதத்துக்கு ஒருமுறை பணம் காணும் கமத்தொழிலுக்குப் பொருந்தாது என்பதை முன்னரே அறிந்திருக்கலாம்.

திருத்திய வாய்க்கால்களின் பராமரிப்பு இப்போது பெரும்பாலும் கமக்கார அமைப்புகளையே நோக்கியுள்ளது. கொங்கிறீற்றுப் பூச்சு வெடித்த இடங்களையும், எருமை இறங்கிக் கரை சரிந்த இடங்களையும் காலபோக விதைப்புக்கு முன்னரே வாய்க்காற் பிரதிநிதிகள் நடந்து பார்த்துக் குறித்துக் கொள்ளல் வேண்டும். அந்நடையைத் தலைப்பிலிருந்து தொடங்காது, நீர் கடைசியாகச் சென்றடையும் வயலிலிருந்து மேல்நோக்கித் தொடங்குதல் நன்று. சிறுபோகத்தில் நீர் எத்தனை நாள் பிந்தி வந்ததென்பதைக் கடைவயற்காரரிடமே கேட்டு எழுதி, அக்குறிப்பை அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம் கையளிக்கலாம்.