ஊதாரி மரம்!

மாசக் கடைசியில் பர்ஸைத் தடவிப் பார்க்கிற ஆசாமிகள்தானே நாம்? மரங்களும் அப்படித்தான் ஸார்! குளிர் நாடுகளில் இலை உதிர்க்கும் முன், இலையிலுள்ள நைட்ரஜன் சத்தை உறிஞ்சி உள்ளே பத்திரப்படுத்திவிடும். அக்கவுன்ட் காலியான மஞ்சள் இலைதான் கீழே விழும்.

ஆனால், ஆல்ப்ஸ் மலை ஆற்றோரங்களிலும் சதுப்பிலும் ஒரு ஊதாரி உண்டு. பெயர் ஆல்டர். பச்சை இலையை அப்படியே உதிர்க்கும்! எப்படிக் கட்டுப்படியாகிறது? வேர் முடிச்சுகளில் ஃபிரான்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கும். பதிலுக்கு மரம் சர்க்கரை தரும். வெள்ளம் கொட்டிவிட்டுப் போன வெறும் மணல் திட்டில் முதல் ஆளாக முளைப்பது இந்தத் தைரியத்தில்தான்.

ஊதாரித்தனம் வீண்போவதில்லை. ஓடையில் விழுந்த இலையைப் புழுக்கள் தின்னும். புழுக்களை டிரவுட் மீன் தின்னும். கரையில் மட்கிய இலை, பின்னால் வரும் ஆஷ், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு உரம். வேரோ, கரையைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது இதற்கே ஆபத்து. 1993-ல் இங்கிலாந்து ஆல்டர்களில் கண்டுபிடிக்கப்பட்ட ஃபைட்டாப்தோரா நோய் பல நாடுகளுக்கும் பரவி, வேரை அழுகவைத்துக் கொல்கிறது. ஆற்றுத் தண்ணீரே அதற்குத் தபால்காரர்! வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனியின் பவேரியாவில் நல்லது செய்வதாக நினைத்து நட்ட நர்சரிக் கன்றுகளோடுதான் நோயும் வந்து இறங்கியது. போதாததற்கு, ஆறுகளை நேராக்கிக் கரை கட்டியதில் புது மணல் திட்டுகளும் குறைந்துவிட்டன.

வரவெல்லாம் நமக்கு, பற்று மட்டும் மரத்தின் பேரில். என்ன கணக்கு ஸார் இது?