கவுண்ட் குறைந்த நாட்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது; வைத்தியம் மட்டும் சேரவில்லை. நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கிலோமீட்டர், திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையம் 70க்குள். அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் நாங்களும் களியக்காவிளை தாண்டி அந்த வழியேதான் போனோம். மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம், எல்லோரும் சொல்வதுபோல் ஆர்.சி.சி. அங்கே நோயாளிக்குப் பெயர் உண்டு, ஃபைல் நம்பர் உண்டு, டாக்டர் உண்டு. கூடப் போகிறவர் வெறும் பைஸ்டாண்டர். அவருடைய மனசு என்ன பாடுபடும், அதை எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஆளை அரிப்பது சோகம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். சோகத்துக்கு எங்கே நேரம்? அரிப்பது, எதுவும் முடிவாகாமல் காத்திருப்பது. ஒவ்வொரு கீமோவுக்கும் முந்தி ரத்தம் எடுப்பார்கள். வெள்ளையணு போதுமான அளவு இருந்தால்தான் மருந்து ஏறும். "கவுண்ட் குறைவா இருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்றால் போட்ட லீவும், பிடித்த பஸ்ஸும், ராத்திரி முழுக்க அம்மா தேற்றி வைத்திருந்த மனசும் வீண். கீமோ மருந்து எலும்பு மஜ்ஜையையும் தாக்கும், அது தேறி வரக் கொஞ்ச நாள் வேண்டும், தள்ளிப்போடுவது அம்மாவின் பாதுகாப்புக்குத்தான். புத்திக்கு இது புரியும். வயிற்றுக்குப் புரியாது.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள். ஆபத்து வந்தால் அட்ரினலின் சுரக்கும், கார்ட்டிசால் கூடும், இதயம் வேகமாக அடிக்கும், ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும், ஆபத்து நீங்கியதும் எல்லாம் அடங்கும். பாடத்துக்குச் சொல்லும் உதாரணம் எப்போதும் புலி. புலி வந்த வேகத்தில் போய்விடும். 21 நாளைக்கு ஒருமுறை என்று மாதக்கணக்கில் நீளும் சிகிச்சையில் உடம்பு அடங்குவதற்கே இடம் கிடைப்பதில்லை. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். பசி போகும், இல்லையென்றால் கண்டதையும் தின்னத் தோன்றும். மருந்துச் சீட்டைக் காணோம் என்பதற்காகப் பெற்ற தாயிடம் எரிந்து விழுவோம்.

"மனசை அமைதியா வச்சுக்கோ மக்ளே" என்று பார்க்க வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். எனக்கு உதவாத ஒரே யோசனை அதுதான். உதவியதெல்லாம் ஒரு நாளில் நான் எடுக்க வேண்டிய முடிவுகளைக் குறைத்த காரியங்கள்.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் மத்தியானம் இடதுசாரி இளைஞர் அமைப்பான டி.ஒய்.எஃப்.ஐ.க்காரர்கள் பொதிச்சோறு கொடுப்பார்கள். வீட்டுக்காரர்கள் தங்களுக்குச் சமைக்கும்போது கூட ஒரு பொதி கட்டித் தருகிறார்கள். அதை இவர்கள் சேகரித்துக் கொண்டுவந்து விநியோகிக்கிறார்கள். எனக்குக் கிடைத்த ஒரு பொதியில் வாட்டிய வாழையிலைக்குள் குத்தரிசிச் சோறு, முட்டைக்கோஸ் தோரன் (நம்ம ஊர்த் துவரன்தான்), நாலாக வெட்டிய ஆம்லெட்டில் ஒரு துண்டு, சோற்றில் சிவப்பு இறங்கிய தேங்காய்ச் சம்மந்தி. முன்பின் தெரியாத யாரோ காலையில் அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்தது. கையில் காசு இருந்தும் வரிசையில் நிற்கக் கூச்சமாக இருந்தது. வேலூர் மருத்துவமனையைப் பற்றியும் வாய்ப்புண்ணைப் பற்றியும் பேசிக்கொண்டு நின்ற தென்காசிக்காரம்மா அந்தக் கூச்சத்தைப் போக்கினார். கீமோவில் வாய் புண்ணானால் ஆறிய கஞ்சி இறங்கும் என்று சொன்னதும் அவர்தான். அரசியல் எப்படியோ இருக்கட்டும், ஒரு வேளைச் சாப்பாட்டுக் கவலை போனது.

அடுத்து ஒரு நோட்டு. இடப்பக்கம் காய்ச்சல், மருந்து நேரம், கவுண்ட். வலப்பக்கம் டாக்டரிடம் கேட்க வேண்டியவை. ராத்திரியில் முளைக்கும் பயங்களையும் அதிலேயே எழுதி, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எடுத்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. கவலைப்பட ஒரு நேரத்தையும் இடத்தையும் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வரும் கவலையை அதற்குத் தள்ளிவைக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடன் இருந்தவர்களும் 1983இல் எழுதினார்கள். ஆறு மணிக்குப் பார்த்தால் பாதி பயம் வெளுத்துப் போயிருக்கும். மீதிப் பாதி டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக வலப்பக்கம் போகும்.

குடும்ப வாட்ஸாப் குழுவை மியூட் செய்தேன். முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் புற்றுநோய் போகும் என்று நாலு பேர் அனுப்பியிருந்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ். ஆளாளுக்கு முதலிலிருந்து கதை சொல்வது நின்றது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் நெருக்கடிக் கால மன அழுத்தத்துக்கென்று ஒரு படக் கையேடு வெளியிட்டது. அதன் அடிப்படையான பயிற்சி உகாண்டா முகாம்களில் இருந்த தெற்கு சூடான் அகதிப் பெண்களிடையே சோதிக்கப்பட்டது. முதல் பாடம் மிக எளிது. பாதங்களைத் தரையில் அழுத்து, மெதுவாக மூச்சு விடு, சுற்றிலும் என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று கவனி. ஓ.பி. வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டுச் செய்து பார்த்தேன். தரையின் குளிர், மலையாளத்தில் கூப்பிடும் பெயர்கள், வீல்சேர் சக்கரத்தின் கிறீச். கவலை போகவில்லை. இது கவலையைப் போக்கும் வித்தையுமல்ல; கவலை பக்கத்தில் இருக்கும்போதே எழுந்து பார்மசிக்குப் போக முடிந்தது.

கூட வரும் ஆண்கள் சிலர் பொழுது சாய்ந்தால் பெவ்கோ மதுக்கடை வரிசையைத் தேடுவார்கள். மது தூங்க வைக்கும், பின்னிரவில் அதுவே எழுப்பியும் விடும். மறுநாள் ரத்தம் கொடுக்கப் போகும்போது பாட்டி ஒருத்தி மகனைத் தாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன், நோயாளி பாட்டிதான்.

இதையெல்லாம் மீறித் தூக்கமோ சாப்பாடோ இரண்டு வாரமாக இல்லை என்றாலும், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், நோட்டும் மூச்சும் போதாது. 14416க்குப் பேசுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். வலி தாங்காத நோயாளியைப் பார்த்தே மனம் உடைகிறவர்கள் வலி நிவாரணப் பிரிவைக் கேட்க வேண்டும். அது கடைசிக் காலத்துக்கு மட்டும் என்பது தப்பு. திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பு குடும்பத்தின் துயரத்தையும் சிகிச்சைக்குள் சேர்த்தே பார்க்கிறது.

எனக்குப் பெரிய மாற்றம் மைனி (அண்ணி) வந்த பிறகுதான். ஹார்லிக்ஸோடு வந்தவர், "நான் என்ன செய்யணும், சொல்லு" என்றார். "ரத்தம் எடுக்க நம்பர் போட்டு நிக்கணும் மைனி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றேன். அடுத்த சுற்றிலிருந்து ரத்தம் எடுக்கும் நாள் மைனிக்கு, கீமோ நாள் எனக்கு, பில்லும் இன்ஷூரன்ஸ் காகிதங்களும் தம்பிக்கு. தம்பி துபாயில் இருக்கிறான். காகித வேலைக்கு அது ஒரு தடையே இல்லை.